தொழிற்சாலைக்கும் ஓர் ஆன்ம ஆய்வு



ஒப்புரவு அருளடையாளத்திற்கு முன் நாம் ஆன்ம ஆய்வு செய்கிறோம். எங்கே தவறினோம், ஏன் தவறினோம், இனி எப்படி வாழப்போகிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்கிறோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1989-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நச்சுப்பொருள் பயன்பாட்டுக் குறைப்புச் சட்டம், ஏறக்குறைய இதையே தொழிற்சாலைகளிடம் கேட்கிறது.

பிற சட்டங்கள் பெரும்பாலும் புகைபோக்கியிலும் கழிவுநீர்க் குழாயிலும் வெளிவருவதையே அளந்தன. இச்சட்டமோ தொழிற்சாலைக்குள் செல்வதைப் பார்க்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் நச்சு வேதிப்பொருள்களைப் பயன்படுத்தும் நிறுவனம் ஆண்டுதோறும் கணக்குத் தரவேண்டும்; கட்டணம் செலுத்தவேண்டும்; இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திட்டம் வகுக்கவேண்டும். இப்பொருள் எதற்கு? எவ்வளவு வீணாகிறது? பாதுகாப்பான மாற்று உண்டா? அதற்கு என்ன செலவாகும்?

திட்டம் வகுப்பது கட்டாயம். அதை நிறைவேற்றுவது நிறுவனத்தின் விருப்பம். ஆயினும் பலர் நிறைவேற்றினர். நச்சுப்பொருளை வாங்கவும் கழிவை அகற்றவும் ஆகும் செலவு, எழுதிப் பார்த்தபோதுதான் அவர்களுக்கே விளங்கியது. நச்சுக்கழிவைப் பாதியாகக் குறைக்கும் இலக்கு 1990-களின் இறுதிக்குள் எட்டப்பட்டது.

சிறு தொழில் செய்வோரும் கைவிடப்படவில்லை. உலர்சலவைக் கடைகளில் பயன்படும் பெர்குளோரோஎத்திலீன் நரம்புகளையும் கல்லீரலையும் பாதிப்பது, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. அதை அன்றாடம் சுவாசிப்பவர்கள் கடைக்காரரும் அவருடைய பணியாளர்களுமே. இச்சட்டத்தின்படி லோவல் நகரப் பல்கலைக்கழகத்தில் அமைக்கப்பட்ட ஆய்வு நிறுவனம், அத்தகைய கடைகள் தண்ணீரால் துவைக்கும் முறைக்கு மாறப் பயிற்சியும் நிதியுதவியும் அளித்தது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. அமெரிக்காவில் சில கடைகள் அந்த வேதிப்பொருளுக்குப் பதிலாக புரோமோபுரோப்பேனுக்கு மாறின. அதுவும் நரம்புகளைத் தாக்கும் நஞ்சு என்பது பின்னரே தெரியவந்தது. வெளியேறிய தீய ஆவி, தன்னைவிடப் பொல்லாத ஏழு ஆவிகளோடு திரும்பி வந்ததாக இயேசு கூறியது (லூக்கா 11) நம் நினைவுக்கு வருகிறது. பழையதை விட்டால் மட்டும் போதாது. அதன் இடத்தில் வருவது எது என்றும் ஆராயவேண்டும்.

படைப்பைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் இறைவன் மனிதரிடம் ஒப்படைத்தார் (தொடக்கநூல் 2:15). பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேட்கும்படி திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் அழைத்தார். நச்சுக்காற்றைச் சுவாசிக்கும் தொழிலாளியிடம் இவ்விரு குரல்களும் ஒன்றாகவே கேட்கின்றன.

நம் இல்லங்களிலும் ஆலயத்திலும் இந்த ஆய்வைத் தொடங்கலாம். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் குளோரின் வாயு எழும். நமக்காகச் சுத்தம் செய்யும் சகோதரியே அதை முதலில் சுவாசிக்கிறார். அது உண்மையிலேயே தேவையா, வேறு வழி இல்லையா என்று கேட்போம். கேட்டதன்படி மாறவும் இறைவன் நமக்கு அருள்புரிவாராக.