169.254 எனத் தொடங்கும் ஐ.பி. முகவரி

அலுவலகப் பிணையத்தில் கணினிகளுக்கு ஐ.பி. முகவரி வழங்குவது டி.எச்.சி.பி. என்னும் சேவை. இது ரவுட்டரிலோ சர்வரிலோ இயங்கும். அதனிடமிருந்து பதில் வராவிட்டால், விண்டோஸ் கணினி 169.254 எனத் தொடங்கும் முகவரியைத் தானே வைத்துக்கொள்ளும். விண்டோஸ் 98 முதல் இவ்வசதி உண்டு. இம்முகவரியைக் கொண்டு இணையத்துக்குச் செல்ல இயலாது. எனவே இணைய நிறுவனத்தை அழைக்கும் முன் அலுவலகத்துக்குள்ளேயே பழுதைத் தேட வேண்டும்.

கண்டறியும் முறை

1. கட்டளைச் சாளரத்தில் 'ஐ.பி.கான்ஃபிக்' கட்டளையை இட்டு முகவரியைப் பார்க்கவும்.

2. நன்றாக இயங்கும் பக்கத்துக் கணினியின் கேபிளை இதில் செருகிப் பார்க்கவும். முகவரி சரியானால் பழைய கேபிளிலோ சுவிட்ச் போர்ட்டிலோ பழுது.

3. பல கணினிகளில் இதே நிலை என்றால் டி.எச்.சி.பி. இயங்குகிறதா, அதன் முகவரிகள் தீர்ந்துவிட்டனவா என்று பார்க்கவும்.

பெற்ற முகவரிக்குத் தவணைக்காலம் உண்டு. அது முடியும் வரை சில கணினிகள் இயங்கிக்கொண்டிருக்கும். ஆகவே ஒன்றிரண்டு இயங்குவதை வைத்து டி.எச்.சி.பி. நலமாக உள்ளது என்று முடிவு செய்யக் கூடாது.

எச்சரிக்கை

அவசரத்தில் ஏதோ ஓர் எண்ணைக் கையால் இடக் கூடாது. அது அச்சுப்பொறியின் முகவரியாக இருந்தால் இரண்டுமே தடுமாறும்; ஒரு பழுது இரண்டாகிவிடும்.