முதலில் கேள், பிறகு அனுப்பு

வானொலி என்றதும் பாட்டும் செய்தியுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் கேட்பதோடு நில்லாமல், அரசின் உரிமம் பெற்று, தம் வீட்டிலிருந்தே பிற நாட்டினரோடு வானொலி வழியே தொடர்பு கொள்வோரும் உளர். இவர்களை 'ஹாம்' என்பர். இன்று இவர்களுக்குக் கணிப்பொறியும் துணை நிற்கிறது.

2017-ஆம் ஆண்டு வெளிவந்த எஃப்.டி.8 என்ற முறை இதில் மிகவும் புகழ் பெற்றது. ஸ்டீவ் ஃபிராங்க், ஜோ டெய்லர் ஆகிய இருவரின் பெயரெழுத்துகளும், அதில் பயன்படும் எட்டு ஒலிகளும் சேர்ந்தே இப்பெயர் ஆயிற்று. டெய்லர் 1993-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர்களுள் ஒருவர். காதுக்கு எட்டாத மெல்லிய ஒலியையும் கணிப்பொறி எழுத்தாக்கித் தந்துவிடும்.

இம்முறையில் ஒரு நிமிடம் 15 விநாடி கொண்ட நான்கு பகுதிகளாகப் பிரிகிறது. ஒருவர் முதல், மூன்றாம் பகுதிகளில் அனுப்பினால், எதிர்முனையில் இருப்பவர் மற்ற இரண்டில் விடை அனுப்புவார். செய்தி செல்ல 12.64 விநாடி ஆகும். எனவே கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். சில விநாடி பிசகினாலும் நம் அழைப்பு எவருக்கும் விளங்காது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நாம் அனுப்பும் பகுதியில் நம்மால் கேட்க இயலாது. அதே நேரத்தில், அதே இடத்தில் வேறொருவர் அனுப்பிக்கொண்டிருந்தாலும் நமக்குத் தெரியாது. ஆகையால் இடையிடையே ஒரு முறை அனுப்பாமல் இருந்து, அந்த இடம் காலியாக உள்ளதா என்று பார்ப்பதே நல்ல பழக்கம்.

ஒருவரை அழைக்க அவர் இருக்கும் இடத்திலேயே போய் நிற்க வேண்டியதில்லை. எல்லோரும் அங்கே கூடினால் ஒருவர் குரலை மற்றவர் மறைப்பர். ஓர் அழைப்புக்கு 50 ஹெர்ட்ஸ் அகலமே போதும். காலியான இடத்தைத் தேர்ந்து, அனுப்பும் இடம் மாறாதிருக்கத் திரையில் உள்ள கட்டத்தில் குறியிட்டுக்கொள்ளலாம். எதிர்முனையின் கணிப்பொறி எல்லா இடங்களையும் ஒருசேரப் படித்துவிடும்.

ஒலியைக் கூட்டினால் நெடுந்தூரம் செல்லும் என்று எண்ணுவதும் தவறு. அளவு மீறினால் ஒலி சிதைந்து, பக்கத்தில் இருப்போருக்கும் இடையூறாகும்.

அனுப்பும் பொத்தானை ஒரு முறை அழுத்தினால், விடை வராவிட்டாலும் கணிப்பொறி அழைத்துக்கொண்டே இருக்கும். இதற்காகவே, குறித்த நிமிடங்கள் வரை எவரும் தொடாவிட்டால் தானே நின்றுவிடும் காவல் ஏற்பாடு உண்டு. அதனை நீக்கிவிட்டு எழுந்து போவது முறையன்று. எங்கோ ஒரு தீவிலிருந்து சிறு மின்கலத்தின் துணையோடு ஒருவர் அழைத்துக்கொண்டிருக்கலாம். ஆளில்லாத நம் கருவி அக்குரலை அடியோடு மறைத்துவிடும்.

தோழியரே, அனுப்புவது கணிப்பொறியானாலும் பொறுப்பு மனிதருடையதே. வான்வெளி எல்லோருக்கும் பொது. காது கொடுத்துக் கேட்பவரே அங்கு நல்ல அண்டை வீட்டார்.