பத்து நாள் கன்றுச் சந்தை: அனுமதியை யாரிடம் கேட்பது?

நம்ம ராமநாதபுரம் மாவட்டம் வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்கிற மாவட்டம். வேம்பு, புங்கன், பூவரசு, முருங்கை எதுவானாலும் புரட்டாசிக் கடைசியில் இருந்து கார்த்திகைக்குள் மண்ணுக்குப் போயாகணும். போகாத கன்று பைக்குள்ளேயே வேரைச் சுருட்டிக்கொள்ளும். அதைச் சித்திரை வெயிலில், உப்பு ஏறிய கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் காப்பாற்றுவது பெரிய பாடு. அதனால்தான் சிறிய நர்சரி வைத்திருக்கிறவர்களும் மகளிர் குழுக்களும் மழை நேரத்தில் பத்து நாள் வெளியே கடை போட நினைக்கிறார்கள்.

அனுமதி இல்லாமல் போட்டால் என்ன ஆகும்? ஆக்கிரமிப்பு அகற்ற வண்டி வந்தால், பழக்கூடை வைத்திருப்பவர் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடலாம். ஐந்நூறு கன்றைத் தூக்கிக்கொண்டு யாரும் நகர முடியாது. ஒரு வருட உழைப்பு ஒரே மதியத்தில் போய்விடும்.

தீபாவளிப் பட்டாசுக் கடைக்கு 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகளில் தற்காலிக உரிமம் என்றே ஒரு வழி இருக்கிறது. கன்றுக் கடைக்கு எந்த அலுவலகம் என்பதை நாம் உட்காரும் தரைதான் முடிவு செய்கிறது. ஆகவே முதல் கேள்வி, "இந்த இடம் யாருடையது?" என்பதுதான். புல எண்ணை எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். அது பட்டாவா, புறம்போக்கா, எந்த வகைப் புறம்போக்கு என்பது 'அ' பதிவேட்டில் தெரிந்துவிடும்.

ஊராட்சி இடம்: பாம்பன், தங்கச்சிமடம் போன்ற ஊராட்சிகளில் பொதுத் திடல் என்றால் ஊராட்சியிடம் கேட்கணும். நமக்கு வாய்ப்பாக ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இரண்டு நாளும் கிராம சபை கூடுகிறது. ஆகஸ்ட் கூட்டத்திலேயே கோரிக்கையை வைத்துத் தீர்மானத்தில் ஏற்றிவிட்டால், பருவத்துக்கு முன்னால் கையில் ஒரு காகிதம் இருக்கும். ஒரு நாள் விற்பனை போதும் என்றால் வாரச்சந்தையே எளிது. தரை வாடகை கட்டி ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நகராட்சி, பேரூராட்சி: ராமேஸ்வரம், ராமநாதபுரம், மண்டபம் பகுதிகளில் பலர் "தெருவோர வியாபாரி அட்டை வாங்கிடலாம்" என்கிறார்கள். 2014-ம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தை முழுசாகப் படித்தால் சிக்கல் தெரியும். விற்பனைச் சான்று கேட்கிறவர், தனக்கு வேறு வாழ்வாதாரம் இல்லை என்று உறுதிமொழி தரணும். நிலம் வைத்து உழுகிறவரோ, என்னைப் போல ஓய்வூதியம் வாங்குகிறவரோ அதில் மனசாட்சியோடு கையெழுத்துப் போட முடியாது. அந்தச் சட்டம் பூக்காரம்மாவுக்கும் சுண்டல் விற்கிறவருக்கும் வந்தது. அவர்கள் உட்காரும் இடத்தை நாம் பத்து நாள் பிடித்துக்கொள்வதும் நியாயமில்லை. நமக்கான வழி, நகராட்சிக்குச் சொந்தமான ஒரு காலித் திடலைக் குறிப்பிட்டு, தேதி போட்டு, கட்டணம் கட்டத் தயார் என்று ஆணையரிடம் தற்காலிக அனுமதி கேட்பதுதான்.

நெடுஞ்சாலை, ரயில்வே, கோயில்: மதுரை–ராமேஸ்வரம் சாலை தேசிய நெடுஞ்சாலை. அதன் ஓரத்து நிலம் 2002-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நெடுஞ்சாலை நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. உள்ளாட்சி ரசீது அந்த மண்ணுக்குச் செல்லாது. ரயில்வே நிலத்துக்குத் தெருவோர வியாபாரிகள் சட்டமே பொருந்தாது. கோயில் நிலம் என்றால் இந்து சமய அறநிலையத் துறையிடம் கேட்கணும். மகாளய அமாவாசைக் கூட்டத்தை எண்ணி ராமேஸ்வரத்தில் கடை போட ஆசை வரும். ஆனால் அந்த நாட்களில் வழியை ஒதுக்கி வைப்பதுதான் அதிகாரிகளின் முதல் கவலை. அடுத்த வாரத்துக்குக் கேட்டால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

கடற்கரை: கரையோரம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைக்குள் வருகிறது. கீற்றுக் கொட்டகைக்குக்கூடக் கேள்வி வரலாம். ஊருக்குள் இடம் பாருங்கள்.

பட்டா நிலம்: உரிமையாளர் சம்மதக் கடிதம் கட்டாயம் வேண்டும். அதோடு, 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், விவசாயம் என்று பயன்பாட்டால் பிரிக்கிறது. இங்கிலாந்தில் ஒரு திறந்த நிலத்தை வருடத்துக்கு 28 நாள், சந்தை என்றால் 14 நாள், தனி அனுமதி இல்லாமல் வேறு பயனுக்குப் பயன்படுத்தலாம் என்று விதியே இருக்கிறது. அந்தத் துணிச்சலில் நாம் இறங்க முடியாது. "நிலையான கட்டுமானம் இல்லை, அடித்தளம் தோண்டவில்லை, கழியும் நிழல்வலையும் மட்டும், இந்தத் தேதியில் பிரித்துவிடுவோம்" என்று உள்ளாட்சிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துப் பதில் வாங்கிவிடுங்கள்.

இனி மனு. வங்கியில் நிறைய விண்ணப்பம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: "ஆவன செய்ய வேண்டுகிறேன்" என்று மட்டும் முடிகிற மனு கோப்பின் அடியில் போய்விடும். அதிகாரி கையெழுத்துப் போடத் தயங்குவதற்கான காரணங்களுக்கு மனுவிலேயே பதில் இருக்கணும்:

- இடத்தின் புல எண், எத்தனை சதுர அடி, கையால் வரைந்த ஒரு படம்
- தொடங்கும் தேதி, முடியும் தேதி, கடை நேரம்
- வண்டிகள் எங்கே நிற்கும், நடைபாதை எவ்வளவு அகலம் விடப்படும்
- தண்ணீர் எங்கிருந்து, பிளாஸ்டிக் பைக் கழிவை யார் எடுப்பார்
- கடைசி நாளில் இடத்தைச் சுத்தமாக ஒப்படைக்கும் உறுதிமொழி

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளும், மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டமும் இருக்கின்றன. அங்கே பேசுவதற்கு அந்த முத்திரைதான் ஆதாரம்.

இடத்துக்கு அனுமதி கிடைத்தாலும், விற்கிற பொருளுக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. 1966-ம் ஆண்டு விதைச் சட்டத்தில் "விதை" என்ற சொல்லுக்குள் காய்கறி நாற்றும் ஒட்டுக்கன்றும் வருகின்றன. தானே வளர்த்ததைத் தன் இடத்திலேயே, நடப்போகிறவரிடம் நேராக விற்பவருக்கு அதன் 24-ம் பிரிவு விலக்கு தருகிறது. கன்றை வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுவந்தால் அந்த விலக்கைச் சொல்ல முடியாது. 1983-ம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் பற்றி விதை ஆய்வு அலுவலகத்தில் முன்பே பேசிவிடுங்கள். கன்றுகளுக்கு ஜி.எஸ்.டி. வரி கிடையாது, அதில் பயம் வேண்டாம்.

ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால் இடமும் செலவும் பங்காகும். ஒரு வருடம் சொன்ன தேதியில் சுத்தமாகக் காலி செய்து கொடுத்துவிட்டால், அடுத்த வருட மனுவோடு பழைய அனுமதியின் நகலையும் இணைக்கலாம். புல எண் பார்க்கிற வேலையை ஆடி மாதத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள்.