கேஜ் சொல்வதும் சொல்லாததும்

எஞ்சின் பக்கம் – 9

அகரத்தில் கடல் கிடையாது. குடகனாற்றிலேயே தண்ணீரைவிட மணலைப் பார்க்கும் மாதங்கள்தான் அதிகம். அங்கே உட்கார்ந்துகொண்டு படகு மோட்டாரைப் பற்றி எழுதுவது வம்புதான். ஆனால் அகரம், தாடிக்கொம்பு பக்கம் கிணற்றுமேட்டில் டீசல் எஞ்சின் ஓட்டிய தலைமுறைக்கு இந்த வாரச் சங்கதி பாதி தெரிந்ததே. வால்வைத் திறந்துவைக்கும் லீவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலைச் சுற்றுவார்கள். வேகம் பிடித்ததும் லீவரைப் போடுவார்கள். அப்போது ஹேண்டில் கையை எதிர்த்தால் கம்ப்ரெஷன் இருக்கிறது. வழுக்கிக்கொண்டு சுற்றினால் ரிங் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை.

கிணற்று எஞ்சினுக்கு ஒரே சிலிண்டர், கெட்டால் நின்றுவிடும். குளச்சல் பக்கம் வள்ளங்களின் பின்பலகையில் மாட்டும் இரட்டைச் சிலிண்டர் அவுட்போர்டு அப்படியல்ல. ஒன்று சோர்ந்தாலும் மற்றது இழுத்துக்கொண்டு போகும். காலையில் வெறும் படகாகப் போகும்போது எதுவும் தெரியாது. வலையும் மீனும் ஏறி, எதிர்க்காற்றில் திரும்பும்போதுதான் இழுவை போதவில்லை என்று தெரியும்.

இழுவை குறைந்தது என்றதும் எஞ்சினைப் பிரிக்கச் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். எஞ்சின் இரைந்தும் படகு நகரவில்லை என்றால் புரொப்பல்லருக்குள் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்கியிருக்கலாம். அடிப்பலகையில் சிப்பியும் பாசியும் ஏறியிருந்தாலும் வேகம் குறையும். எரிபொருள் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தால் போதும், அதோடு காற்றையும் உறிஞ்சும். இவை சிறு செலவு விவகாரங்கள்.

இவை எல்லாம் சரி என்றால்தான் சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ். எஞ்சினைச் சூடேற்றி நிறுத்தி, இரண்டு பிளக்கையும் கழற்ற வேண்டும். பிளக் வயர்களைச் சும்மா தொங்கவிடக்கூடாது. எர்த் செய்யாவிட்டால் மின்பொறிப் பகுதி கெட்டுப்போகலாம், சிந்திய பெட்ரோலில் தீயும் பிடிக்கலாம். ஒரு பிளக் துளையில் கேஜை மாட்டி, திராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். மூடியிருந்தால் போதிய காற்று உள்ளே போகாது, நல்ல சிலிண்டரும் நோயாளிபோலக் காட்டும். முள் மேலே ஏறுவது நிற்கும்வரை இழுத்துவிட்டு, அடுத்த சிலிண்டரையும் அதே எண்ணிக்கையில் இழுக்க வேண்டும்.

வரும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். கேஜுக்குக் கேஜ் மாறும். பார்க்க வேண்டியது இடைவெளியை. ஒன்று 120, இன்னொன்று 115 என்றால் பிரச்சினை வேறிடத்தில். 120-க்கு 90 என்றால் கால்பங்கு குறைவு. 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி இழுங்கள். முள் ஏறினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் ஹெட் கேஸ்கெட்டையோ பிஸ்டன் தலையையோ சந்தேகிக்கலாம். பிளக் துளையில் டார்ச் அடித்துப் பார்ப்பதும் நல்லது. பிஸ்டன் தலையில் கரி இல்லாமல் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்குகிறது.

இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். புது பிஸ்டன், புது ரிங், போரிங் என்று ஆயிரக்கணக்கில் செலவு. ஒரு பருவம் முடிவதற்குள் அதே சிலிண்டர் மறுபடி கெடும். ஏன் அந்த ஒன்று மட்டும் கெட்டது என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

நாம் பேசும் அவுட்போர்டு டூ ஸ்ட்ரோக் எஞ்சின். இந்த வகையில் பெரும்பாலான மோட்டார்களில் எண்ணெய் எரிபொருளோடு கலந்தே போகிறது. சிலிண்டருக்கு ஒரு கார்ப்பரேட்டர் இருக்கும் மாடலில் ஒரு ஜெட்டில் தூசி அடைத்தால், அந்தச் சிலிண்டருக்கு எரிபொருளும் குறையும், எண்ணெயும் குறையும். கலவை மெலிந்து சூடு கூடும் நேரத்தில் வழவழப்பும் இல்லை. பிஸ்டன் உரசாமல் என்ன செய்யும்? மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாருக்கு இந்த வழவழப்புக் குறைவு இன்னும் பொல்லாதது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மறுபடி பெட்ரோலுக்கு வரவேண்டும் என்பது விதி. கரை வந்த அவசரத்தில் அதை விட்டால், எரியாத மண்ணெண்ணெய் உள்ளே தங்கி எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். பெட்ரோல் மோட்டாரில் 50 லிட்டருக்கு 1 லிட்டர் எண்ணெய் என்பது பரவலான கணக்கு. மண்ணெண்ணெய்க்குக் கூடுதல் வேண்டும். மிச்சம் பிடிக்கும் இடம் அதுவல்ல.

அடுத்தது தண்ணீர். கடல்நீரை மேலேற்றும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்தாலும், உப்புப் படிந்து பாதை குறுகினாலும் எஞ்சின் சூடேறும். அவுட்போர்டில் கிராங்க் செங்குத்து, சிலிண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்று. நீர்வரத்து குறைந்தால் மேல் சிலிண்டர்தான் பெரும்பாலும் முதலில் அடிபடும். பக்கவாட்டில் பீய்ச்சும் நீர்த்தாரை மெலிந்தால் கேஜ் தேடவேண்டாம், உடனே எஞ்சினை நிறுத்துங்கள்.

இரண்டு சிலிண்டரும் சமமாகக் காட்டியும் இழுவை இல்லையென்றால்? கேஜ் அளப்பது பிஸ்டனுக்கு மேலே உள்ள அழுத்தத்தை மட்டும். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழேயும் அழுத்தம் வேண்டும். அதுதான் புதுக்கலவையை மேலே தள்ளுகிறது. அங்கே சீல் கசிந்தாலோ, கலவை திரும்பாமல் தடுக்கும் மெல்லிய ரீடு இதழ் ஒடிந்தாலோ கேஜில் தெரியாது. கார்ப்பரேட்டர் வாயில் எரிபொருள் திரும்பித் துப்பினால் ரீடைக் கழற்றிப் பாருங்கள். இதழின் ஓரத்தில் ஒரு துணுக்குக் காணாமல் போயிருந்தால் புது ரீடு போட்டதோடு விடவேண்டாம். அந்தத் துணுக்கு எஞ்சினுக்குள்தான் போயிருக்கும். அது கிடைக்கும்வரை கயிற்றை இழுக்கக்கூடாது.

(தொடரும்)