சீக்கியக் குடும்பத்துக்கு நன்றி சொல்ல என்ன கொடுக்கலாம்? சிவகாசியிலிருந்து ஒரு பதில்

இன்னைக்கு எபிசோடு கேட்க ரொம்பச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஒரு பரிசு வாங்கணும், அவ்வளவுதான். ஆனா அது யாருக்கு, எதுக்குன்னு சொல்லிட்டா, இதுக்கு ஏன் ஒரு முழு எபிசோடுன்னு உங்களுக்கே புரியும்.

என் தங்கச்சி லூதியானாவில் படிக்கிறா. போன வருஷம் அவளுக்கு டெங்கு வந்துச்சு. எங்க வீடு சிவகாசி பக்கம் திருத்தங்கல். அப்பாவும் அம்மாவும் டிக்கெட் கிடைச்சு, ரயில் ஏறி, அங்க போய்ச் சேர மூணு நாளுக்கு மேல ஆயிருச்சு. அதுவரைக்கும் அவளைப் பார்த்துக்கிட்டது எதிர் வீட்டு சீக்கியக் குடும்பம். ஆஸ்பத்திரியில் சேர்த்தாங்க, ராத்திரி கூடவே இருந்தாங்க, பிளேட்லெட் ரிப்போர்ட் வர வர எங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாங்க. அப்பா போனதும் செலவான காசைக் கொடுக்கப் பார்த்தார். அந்த ஆன்ட்டி வாங்கவே இல்லை. "இவ எங்க பொண்ணும்தான்"னு சொல்லி முடிச்சிட்டாங்க.

தங்கச்சி நல்லாயிட்டா. ஆனா வீட்ல எல்லாருக்கும் மனசுல ஒரு பாரம். இவங்களுக்கு நாம என்ன செய்றது? அம்மா உடனே சொன்ன பதில், "தீபாவளிக்கு நல்ல கிஃப்ட் பாக்ஸா ஒண்ணு அனுப்பிருவோம்டா." சிவகாசிக்காரங்களுக்கு இது அனிச்சைச் செயல். டாக்டர், வாத்தியார், பேங்க் மேனேஜர், யாருக்கு நன்றி சொல்லணும்னாலும் ஒரு பெட்டி வெடி போகும். அந்தப் பதில்ல இருந்தே ஆரம்பிப்போம்.

வெடிப் பெட்டி சரியா வருமா?

யோசனை ஒண்ணும் மோசமில்லை. தீபாவளியை ஒட்டி சீக்கியர்களுக்கு 'பந்தி சோர் திவஸ்'னு ஒரு நாள் உண்டு. ஆறாவது குரு ஹர்கோபிந்தை ஜஹாங்கீர் குவாலியர் கோட்டையில் சிறை வைத்திருந்தார். விடுதலை கிடைத்தபோது, தன்னோடு சிறையிலிருந்த 52 அரசர்களையும் விட்டால்தான் வெளியே வருவேன் என்று குரு சொன்னதாக மரபு. அவர் அமிர்தசரஸ் திரும்பியதைத்தான் அன்னைக்குக் கொண்டாடுறாங்க. பொற்கோயிலில் விளக்கு, வாணவேடிக்கை எல்லாம் உண்டு.

சிக்கல் மூணு இடத்தில் வருது. முதல்ல, எப்படி அனுப்புவீங்க? பட்டாசு வெடிபொருள். தபாலிலோ கூரியரிலோ போடக் கூடாது. ரயில்ல எடுத்துட்டுப் போனா ரயில்வே சட்டம் 164-வது பிரிவு: மூணு வருஷம் வரை ஜெயில், இல்லைன்னா ஆயிரம் ரூபாய் அபராதம், இல்லைன்னா ரெண்டும். ஆன்லைன்ல ஆர்டர் போட்டு அங்கேயே டெலிவரி கொடுக்கலாம்னா, 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் இ-காமர்ஸ் தளங்கள் பட்டாசு விற்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு. பசுமைப் பட்டாசு மட்டும், தீபாவளிக்கு ராத்திரி 8-லிருந்து 10 வரைன்னு சொன்னதும் அதே தீர்ப்புதான்.

ரெண்டாவது, காற்று. அறுவடை முடிந்து வைக்கோல் தாளை எரிக்கிற புகை, பனி எல்லாம் சேர்ந்து அந்த மாசத்துல வட இந்தியாவே இருமிக்கிட்டு இருக்கும். அந்த வீட்ல ஒரு தாத்தாவுக்கு ஆஸ்துமா இருந்தா, நாம அனுப்புற நன்றி அவருக்கு இருமலாத்தான் போய்ச் சேரும்.

மூணாவதுதான் எனக்கு முக்கியமாப் பட்டது. 1984-ல் இந்திரா காந்தி கொலைக்குப் பிறகு நடந்த சீக்கியர் படுகொலையின் நினைவு நாட்கள், அக்டோபர் கடைசியும் நவம்பர் தொடக்கமும். பல வருஷம் அது தீபாவளியை ஒட்டியே வரும். 40-வது ஆண்டான 2024-ல், மின்விளக்கு அலங்காரம் வேண்டாம், நெய் விளக்கு மட்டும் ஏற்றுங்கள் என்று அகால் தக்த் கேட்டுக்கொண்டது. நமக்குக் கொண்டாட்டமா இருக்கிற வாரம், ஒரு குடும்பத்துக்கு யாரையோ இழந்த வாரமா இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தா நமக்குத் தெரியாது. அதனால வெடிப் பெட்டி கட்.

அடுத்து வர்ற ஐடியா: "அவங்க மதம் சம்பந்தமா ஏதாவது"

நிறைய பேருக்கு இதுதான் தோணும். குரு நானக் படம், ஒரு கடா, அழகான சின்ன கிர்பான், தலைப்பாகைத் துணி. மரியாதைன்னு நினைச்சுத்தான் செய்வோம். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

கிர்பானும் கடாவும் அம்ரித் எடுத்த சீக்கியர் தரிக்கும் ஐந்து 'க'க்களில் ரெண்டு. உறுதிமொழி எடுத்து அணிகிற பொருளை நாம ஷோகேஸ் பொருளா கொடுக்கிறது பொருத்தமில்லை. தலைப்பாகைத் துணி அதைவிட நுணுக்கம். எத்தனை மீட்டர், மெல்லிய துணியா தடிச்சதா, என்ன நிறம்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு கணக்கு இருக்கு. பஞ்சாபில் ரெண்டு பேர் தலைப்பாகை மாத்திக்கிட்டா அவங்க சகோதரர் ஆயிட்டாங்கன்னு அர்த்தம். அவ்வளவு எடை உள்ள பொருளை அளவு தெரியாம வாங்காதீங்க. பிரார்த்தனைப் புத்தகமும் அப்படித்தான். துணி சுத்தி, உயரமான இடத்தில், சுத்தமான கையால எடுக்க வேண்டியது. அது கூரியர் பையில் கவிழ்ந்து கிடக்கக் கூடாது.

குரு படம் போட்ட காலண்டர்? எங்க ஊர்ல கேட்டா எந்த மதத்துக்கும் அடிச்சுக் கொடுப்பாங்க. ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வெளியிடுற ஊர் இது. ஆனா டிசம்பர் 31 முடிஞ்சா அந்தக் காலண்டர் எங்க போகும்? குப்பைக்கு. குருவின் படத்தைக் குப்பையில் போட மனசில்லாம அந்தக் குடும்பம் அதை எங்கேயாவது பத்திரமா வைக்க வேண்டியிருக்கும். பரிசுன்னு சொல்லி ஒரு சுமையைத்தான் கொடுத்திருப்போம்.

நான் வந்து சேர்ந்த முடிவு இது: அவங்க நம்பிக்கையை அவங்களுக்கே பரிசாக் கொடுக்க வேண்டாம். அது அவங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. உங்ககிட்ட இருக்கிறதைக் கொடுங்க, அதாவது உங்க ஊரை. அவங்க நம்பிக்கையைத் தெரிஞ்சுக்கிறது, எதைத் தவிர்க்கணும்னு முடிவு பண்றதுக்கு உதவும்.

தவிர்க்க வேண்டியவை

சாஃப்ட்வேர்ல 'எட்ஜ் கேஸ்'னு சொல்வோம் இல்லையா, அதேதான். எல்லாச் சீக்கியர்களும் ஒரே மாதிரி இல்லை. முடி வெட்டுறவங்க உண்டு, அசைவம் சாப்பிடுறவங்க உண்டு. ஆனா இருக்கிறதிலேயே கண்டிப்பான ஒருத்தரை மனசுல வச்சு வாங்கினா, வீட்ல எல்லாரும் எடுத்துக்க முடியும்.

புகையிலை சம்பந்தப்பட்ட எதுவும் கூடாது. லைட்டர், ஆஷ்டிரே கூட வேண்டாம். மது கூடாது, உள்ளே மது நிரப்பின வெளிநாட்டுச் சாக்லேட்டும் இதில் அடங்கும். டிரிம்மர், ஷேவிங் செட் வேண்டாம். இறைச்சி, முட்டை சேர்ந்த பண்டம் வேண்டாம், குருத்வாரா லங்கர்ல சைவம்தானே போடுறாங்க, அதுதான் பாதுகாப்பான அளவுகோல். நம்ம கோயில் விபூதி, குங்குமப் பிரசாதம் அன்போட அனுப்புவோம்; ஆனா அதை என்ன செய்றதுன்னு அவங்களுக்குச் சங்கடம் ஆகலாம். அதையும் விட்ருங்க.

சரி, என்ன கொடுக்கலாம்?

குரு நானக் வழியில் மூணு அடிப்படைகள் சொல்வாங்க: இறைவன் பெயரை நினைப்பது, நேர்மையா உழைப்பது, பகிர்ந்து உண்பது. மூணாவதுக்கு 'வண்ட் சக்னா'ன்னு பேர். இதை வச்சு யோசிச்சா பதில் சுலபம். தெருவுல நாலு வீட்டுக்குப் பங்கு வைக்கிற மாதிரி ஒரு தின்பண்டம். விலை உயர்ந்த ஒத்தைப் பொருளைவிட, பெரிய டப்பா நல்லது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா முதல் தேர்வு. பாலும் சர்க்கரையும்தான், முட்டை கிடையாது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கினது. பாலைச் சுண்டவைத்து இனிப்பு செய்கிற பஞ்சாபுக்கு அது அந்நியமாவும் இருக்காது, அதே ருசியாவும் இருக்காது. ஒரே பிரச்சினை, சீக்கிரம் கெட்டுரும். நேர்ல யாராவது போகும்போது மட்டும் கொடுத்து விடுங்க, செஞ்ச தேதியை டப்பா மேல எழுதுங்க.

கூரியர்னா கோவில்பட்டி கடலைமிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு. பல நாள் தாங்கும், உடைஞ்சாலும் ருசி போகாது. இதுல ஒரு அழகு இருக்கு. ஜனவரி 13-ல் பஞ்சாபில் லோஹ்ரி, நம்ம போகியை ஒட்டி வரும். அவங்களும் நெருப்பு மூட்டி, அதைச் சுத்தி நின்னு வேர்க்கடலையும் வெல்லம், எள் பண்டமும் சாப்பிடுவாங்க. லோஹ்ரிக்கு ஒரு வாரம் முன்னாடி போய்ச் சேர்ந்தா, அவங்க பண்டிகைத் தட்டுலயே நம்ம ஊர் மிட்டாய் உட்காரும். கூட சாத்தூர் காராச்சேவு ஒரு கிலோ. குளிருக்கு டீயோட எந்த ஊர்ல வேணாலும் போகும்.

எங்க வீட்ல கடைசியா முடிவானது இதுதான்: ஜனவரி முதல் வாரம் கடலைமிட்டாயும் சேவும். வெடிக்கு ஒதுக்கின காசு மிச்சம் இருந்துச்சு. அதுக்கு அப்பா ஒரு வழி சொன்னார். அவர் பருப்புக் கமிஷன் கடையில் வேலை பார்த்தவர். விருதுநகர் மார்க்கெட் விலையைப் பேப்பர்ல பார்க்காம அவருக்கு காலையே விடியாது. "அவங்க நம்மகிட்ட காசு வாங்கல. அவங்க கோயில்ல சமைக்கிறாங்கள்ல, அதுக்குப் பருப்பு வாங்கிக் கொடுப்போம்." குருத்வாரா லங்கருக்கு ரேஷன் கொடுக்க யாருக்கும் தடையில்லை, மாவு, பருப்பு, நெய்னு எதுவும் கொண்டு போகலாம். தங்கச்சியே லூதியானாவில் மூட்டை வாங்கி, அந்தக் குடும்பத்தோட போய்க் கொடுத்துட்டு, பாத்திரமும் கழுவிட்டு வந்தா. திருப்பிக் கொடுக்கிற மாதிரி இல்லாம, அடுத்த ஆளுக்குக் கடத்துற மாதிரி. சேவைன்னு அவங்க சொல்றதுக்கு இதுதான் நெருக்கம்னு எனக்குத் தோணுது. உங்க ஊர்லயே செய்யணும்னா சென்னை தி.நகரில் ஜி.என்.செட்டி சாலையில் குருத்வாரா இருக்கு, ராமேஸ்வரத்திலும் இருக்கு. தலையை மூடிக்கிட்டு, செருப்பைக் கழட்டிட்டுப் போகணும். அவ்வளவுதான் விதி.

குடும்பம் நம்ம பக்கத்துலயே இருந்தா?

இதுவும் நடக்கிற கதைதான். எங்களுக்கு அடுத்த மாவட்டமான ராமநாதபுரத்தில், அபிராமம் பக்கம் வல்லந்தையில், பஞ்சாபிலிருந்து வந்த சீக்கிய விவசாயிகள் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த நிலத்தை வாங்கி மா, கொய்யா, நெல்லி எல்லாம் வச்சிருக்காங்க. பேர் அகால் ஃபார்ம். 'அகால்' என்றால் காலத்துக்கு அப்பாற்பட்டது, கடவுள். 'சத் ஸ்ரீ அகால்' வணக்கத்தில் வர்ற அதே சொல். நம்ம ஊர் கடையில கிடைக்கிறது அவங்களுக்கும் கிடைக்கும், அதனால டப்பா இனிப்புக்கு அங்க பெரிய அர்த்தமில்லை. சொந்த ஊரை விட்டு வந்தவங்களுக்கு வீட்டுச் சாப்பாட்டு அழைப்பு பெருசு. குடும்பத்தோட கூப்பிட்டு, சைவமா, இலை போட்டுச் சாப்பாடு போடுங்க.

கடைசியா, கடிதம்

டப்பாவுக்குள்ள கையால எழுதின ஒரு பக்கம் வைங்க. ஹிந்தியோ ஆங்கிலமோ, எது வருமோ அது. "எல்லா உதவிக்கும் நன்றி"ன்னு எழுதாதீங்க. அவங்க செஞ்சதை அப்படியே எழுதுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ரிப்போர்ட் அனுப்பினது, கஞ்சி வச்சுக் கொடுத்தது, காசு வாங்காதது. எங்க அம்மா தமிழ்ல சொல்லச் சொல்ல நான் ஹிந்தியில் எழுதினேன். அதுக்கே ஒரு சாயங்காலம் ஆச்சு.

பரிசோட கணக்கு முடிஞ்சதுன்னும் நினைக்காதீங்க. குரு நானக் பிறந்தநாள் ஐப்பசி, கார்த்திகை வாக்கில் பௌர்ணமியில் வரும். 2023-ல் நவம்பர் 26 நமக்குக் கார்த்திகை தீபம், 27 அவங்களுக்கு குருபுரப். காலண்டர்ல ஒரு ரிமைண்டர் போட்டு வச்சு, அன்னைக்கு ஒரு போன் பண்ணுங்க. தங்கச்சி படிப்பு முடிஞ்சு ஊர் திரும்பின பிறகும் பண்ணுங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம் மக்களே.