தொலைதூர ஊர்களும் நம் ஊர் ஏரியும்

கிராமங்களுக்குச் செல்லும்போதெல்லாம் நாம் கேட்கும் குறை ஒன்று உண்டு. “எங்கள் ஊர் ஒரு மூலையில் கிடக்கிறது, எங்களை யார் கவனிக்கிறார்கள்?” என்பதே அது. புதுச்சேரி நகரத்திற்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ள பாகூர்ப் பகுதியிலும் இதைக் கேட்டிருக்கிறோம். நம் பரந்த நாட்டில் உண்மையாகவே மூலையில் இருக்கும் ஊர்கள் எவை, அங்குள்ள மக்கள் தம் காரியங்களை எவ்வாறு நடத்திக் கொள்கிறார்கள் என்பதை அறிவது நமக்குப் பயன் தரும்.

நாட்டின் கோடிகள்

தென்கிழக்கே பெரிய நிக்கோபார்த் தீவு சென்னையிலிருந்து 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அதன் தென்முனையிலிருந்து சுமத்திரா 200 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலேயே உள்ளது. வடகிழக்கே அருணாசலப் பிரதேசத்தில், பல நாள் காட்டு வழியே நடந்தால்தான் அடையக்கூடிய ஊர்கள் நெடுங்காலம் இருந்தன. வடக்கே லடாக் இருக்கிறது. நீரைக் கொண்டு பிழைக்கும் உழவர்களாகிய நாம் இம்மூன்றனுள் லடாக்கைச் சற்று விரிவாகக் காண்போம்.

லடாக்கின் பரப்பு ஏறத்தாழ 59,000 சதுர கிலோமீட்டர். இது நம் புதுச்சேரி வட்டாரத்தைப்போல் 200 மடங்கு. ஆனால் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தவர்கள் 2,74,289 பேரே. தலைநகரான லே கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் அமைந்தது. குளிர்காலத்தில் கணவாய்ச் சாலைகள் பனியால் அடைபடும். நமக்கு ஆண்டில் 1,300 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. லே நகரத்திலோ சுமார் 100 மில்லிமீட்டர்தான்.

மழையற்ற நாட்டில் வேளாண்மை

இத்தகைய நாட்டிலும் வாற்கோதுமையும் கோதுமையும் பட்டாணியும் விளைகின்றன. மலைமேல் உருகும் பனிநீரை வாய்க்கால் வழியே கொண்டுவந்து, ‘ஜிங்’ எனப்படும் சிறு குளங்களில் இரவில் தேக்கிப் பகலில் பாய்ச்சுகிறார்கள். நீரைப் பங்கிட ‘சுர்போன்’ என்ற ஒருவரை ஊராரே நியமிக்கிறார்கள். பல ஊர்களில் இப்பொறுப்பு வீட்டு முறைப்படி மாறி வரும். நம் பக்கத்து நீர்கட்டியின் வேலையே அது.

ஆயினும் ஓர் இடர் இருந்தது. ஆண்டில் ஒரே போகம். ஏப்ரல், மே மாதங்களில் விதைத்தால்தான் குளிர் வருமுன் கதிர் முற்றும். உயரத்திலுள்ள பெரும்பனியோ ஜூன் மாதத்தில்தான் நன்கு உருகும். கிராம அபிவிருத்தித் துறையில் பொறியாளராக இருந்த செவாங் நோர்பெல் இதற்கு ஒரு வழி கண்டார். குளிர்காலத்தில் வீணாக ஓடும் ஓடைநீரை ஊருக்கு அருகே நிழலான பள்ளத்திற்குத் திருப்பி, கற்சுவர்களால் அதன் ஓட்டத்தைத் தணித்தார். மெல்ல ஓடிய நீர் அங்கேயே உறைந்தது. தாழ்ந்த இடமாகையால் அப்பனி முன்னதாகவே உருகி, விதைப்புக் காலத்தில் வயலுக்கு வந்தது. 1987-இல் புக்ட்சே என்ற ஊரில் இம்முயற்சி தொடங்கியது. 2015-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இதில் மற்றொரு பாடமும் உண்டு. அவ்வாறு அமைத்தவற்றுள் சில வெள்ளத்தாலும், பின்னர்க் கவனிப்பார் இல்லாமையாலும் பழுதுற்றன. கட்டுவது ஒரு முறை. காப்பதோ ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை.

நம் நிலை

இனி நம் ஊருக்கு வருவோம். தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்கு நீர் கொணர்கிறது. பங்காரு, சிங்காரி என்னும் இரு பெண்மணிகளின் பெயரால் வாய்க்கால்கள் வழங்குவதாகச் செவிவழிச் செய்தி கூறும். நம் முன்னோர் குடிமராமத்தாக ஏரியைக் காத்தனர். ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின் அவ்வழக்கம் தளர்ந்தது. நிலத்தடி நீர் இறங்கியது. கடலோரக் கிணறுகளில் உப்பும் ஏறியது. 1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் புதுச்சேரி வட்டாரத்தின் 84 ஏரிகளைச் சீர்படுத்தும் திட்டம் தொடங்கி, ஏரிச் சங்கங்களும் அமைக்கப்பட்டன. சங்கம் உயிரோடு இருந்தால்தான் அச்சீர்திருத்தம் நிலைக்கும்.

2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருக்கெடுத்துப் பாகூர்ப் பகுதி ஊர்களுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. மழை மிகுந்தால் வெள்ளம், கோடையில் உப்புநீர் என்ற நிலையில், நடுவே நின்று காப்பது ஏரி ஒன்றே.

ஆகவே கிராமத்தார்க்கு நாம் கூறுவது இதுதான். ஐப்பசி மழைக்கு முன் ஒரு நாள் அனைவரும் வாய்க்கால் கரையோடு நடந்து பாருங்கள். அடைப்பு எங்கே, ஆக்கிரமிப்பு எங்கே, மதகு எங்கே ஒழுகுகிறது என்று குறித்து, ஊர்க் கூட்டத்தில் வையுங்கள். ஊரால் ஆவதை ஊரே செய்யட்டும். அதற்கு மேற்பட்டதை எழுத்தில் கேளுங்கள். நீர்கட்டியை நியமித்து, அவர் கூலியைத் தவறாமல் கொடுங்கள்.

நூறு மில்லிமீட்டர் மழையில் லடாக் மக்கள் நீரைப் பங்கிட்டு விளைவிக்கிறார்கள். அதைப்போல் பதின்மூன்று மடங்கு மழை பெறும் நாம் ஏரியைக் கைவிட்டால், அந்தக் குறைக்கு ஊர் மூலையில் இருப்பது காரணமாகாது.