இரண்டுக்கு மேல் எண்ணும் குவாண்டம் கணினி

பெரம்பலூர் மாவட்டம் பாடாலூர், ஆலத்தூர் சுற்றுவட்டாரத்தில் சின்ன வெங்காயம் அறுவடை முடிந்ததும் விவசாயி முன்னால் மூன்று வழிகள் நிற்கும். லோடைத் திருச்சி மண்டிக்கு ஏற்றலாம். சென்னை கோயம்பேட்டுக்கு அனுப்பலாம். விலை ஏறட்டும் என்று வயலோரத்தில் பட்டறை போட்டுக் காத்திருக்கலாம். முடிவு அவருடையதுதான், ஆனால் அதன் பலன் அவர் கையில் மட்டும் இல்லை. எல்லாரும் ஒரே நாளில் ஒரே மண்டிக்குப் போனால் வரத்து கூடி விலை விழும். எல்லாரும் பட்டறையில் வைத்தால் பிறகு மொத்தமாக வரும்போதும் அதே கதைதான்.

ஊருக்கே அதிக வருமானம் தரும் பங்கீடு எது? பத்து லோடு என்றால் 59,049 விதமாகப் பிரிக்கலாம். இருபது லோடு என்றால் 348 கோடிக்கு மேல். முப்பதைத் தொட்டால் 205 லட்சம் கோடியைத் தாண்டிவிடும். லோடு கூடக்கூட வழிகள் மும்மடங்காகப் பெருகுகின்றன. லாரிகளுக்குப் பாதை வகுப்பது, தேர்வு அட்டவணை போடுவது, மின்சாரத்தைப் பகிர்வது எல்லாம் இதே குடும்பத்துக் கணக்குகள். உகப்பாக்கக் கணக்குகள் என்று இவற்றுக்குப் பெயர்.

இவற்றுக்குக் குவாண்டம் கணினியைப் பயன்படுத்தும் ஒரு வழியை எட்வர்ட் ஃபார்ஹி, ஜெஃப்ரி கோல்ட்ஸ்டோன், சாம் குட்மன் ஆகியோர் 2014இல் முன்வைத்தனர். அதே ஆண்டில் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை, ஒளித்துகள்களால் இயங்கும் சிறிய சில்லில், ஹீலியமும் ஹைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறு அயனியின் ஆற்றலைக் கணக்கிட்டது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: குவாண்டம் சில்லும் சாதாரணக் கணினியும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

சில்லில் சில கோணங்களைத் திருகி வைப்பார்கள். அந்தக் கோணங்களுக்கு ஏற்ப, எல்லாப் பங்கீடுகளும் வெவ்வேறு எடையுடன் கலந்த ஒரு நிலை உருவாகும். அதை அளந்தால் ஏதோ ஒரு பங்கீடு விடையாக விழும். பலமுறை அளந்து சராசரி வருமானத்தைக் கண்டதும், சாதாரணக் கணினி கோணங்களைச் சற்றே மாற்றி மீண்டும் ஓடவிடும். சுற்றுச் சுற்றாக நல்ல பங்கீடுகளின் எடை கூடும், மோசமானவற்றின் எடை குறையும். மாறுபாட்டு அல்காரிதம் என்பது இதுதான். குவாண்டம் பகுதி குறுகிய நேரமே ஓடுவதால், பிழை மலிந்த இன்றைய சில்லுகளுக்கும் இது ஒத்துவரும் என்று எதிர்பார்த்தார்கள்.

சிக்கல் வேறோர் இடத்தில் வந்தது. குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான க்யூபிட்டுக்கு நிலைகள் இரண்டே: 0, 1. வெங்காய லோடுக்கு வழிகள் மூன்று. ஆகவே ஒவ்வொரு லோடுக்கும் திருச்சிக்கு ஒன்று, கோயம்பேட்டுக்கு ஒன்று, பட்டறைக்கு ஒன்று என மூன்று க்யூபிட்டுகளை ஒதுக்குவது வழக்கம். மூன்று க்யூபிட்டுகள் சேர்ந்தால் எட்டு நிலைகள் வரும். அவற்றில் மூன்றுக்குத்தான் பொருள் உண்டு. மற்ற ஐந்தில், ஒரே லோடு ஒன்றுக்கு மேற்பட்ட இடத்துக்குப் போகும் அல்லது எங்குமே போகாது. அந்தப் பொய் விடைகளை விலக்கக் கணக்கில் தனி அபராதம் சேர்க்க வேண்டும். இருபது லோடுக்கு அறுபது க்யூபிட் வேண்டும், அதிலும் பெரும்பகுதி வீண்.

இயற்கையோ இரண்டோடு நிற்பதில்லை. அணுவுக்கும், மின்தடையின்றி இயங்கும் மீகடத்திச் சுற்றுக்கும் ஆற்றல் நிலைகள் பல உண்டு. கீழ் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே உள்ளவற்றைத் தொடாமல் விடுவது பொறியாளர்களின் வசதிக்காகத்தான். மூன்றாவது நிலையையும் சேர்த்துக்கொண்டால் அது க்யூடிரிட். மூன்றோ அதற்கு மேலோ நிலைகள் கொண்டவற்றுக்குப் பொதுப்பெயர் க்யூடிட். இருபது லோடுக்கு இருபது க்யூடிரிட் போதும். எந்த நிலையை அளந்தாலும் அது பொருளுள்ள பங்கீடாகவே இருக்கும்.

பல நிலைகளைக் கையாளும் அனுபவம் இந்தியாவிலும் உண்டு. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். விஜயராகவனின் குழு ‘டிரைமான்’ என்ற மீகடத்திச் சுற்றை உருவாக்கி, அதன் விவரங்களை 2017இல் வெளியிட்டது. நான்கு ஜோசப்சன் சந்திகளை (இரு மீகடத்திகளுக்கு இடையே மெல்லிய தடுப்பு கொண்ட இணைப்புகளை) வளையமாக இணைத்த ஒரே சுற்றுக்குள் மூன்று க்யூபிட்டுகள் பின்னிக் கிடக்கின்றன. எட்டு நிலைகள் கொண்ட ஒற்றை அமைப்பாகவும் அதைக் காணலாம். இதே நிறுவனம், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் புனே ஆய்வகத்தோடும் டிசிஎஸ் நிறுவனத்தோடும் சேர்ந்து உருவாக்கிய ஆறு க்யூபிட் செயலியின் சோதனை 2024 ஆகஸ்டில் நிறைவடைந்தது.

ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரக் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ரிங்பவர் உள்ளிட்டோர், மின்புலத்தில் சிறைபிடித்த கால்சியம் அயனிகளில் ஏழு நிலைகள் வரை கணக்கிடக் கையாண்டு 2022இல் வெளியிட்டனர். கனடாவின் வாட்டர்லூ ஆய்வாளர்களும் சேர்ந்த குழு 2025இல், இதே வகை அயனிக் கணினியில் மாறுபாட்டு முறையை ஓட்டி, மின்காந்தப் புலமும் துகள்களும் இரு பரிமாணத்தில் எப்படி ஊடாடும் என்று கணக்கிட்டது. ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் ஆய்வாளர்கள் இடம்பெற்ற ஒரு குழு, மின்வாகனங்களுக்கு எப்போது எவ்வளவு சார்ஜ் ஏற்றுவது என்ற கணக்குக்கு க்யூடிட் வழியை 2023இல் வகுத்துக் கொடுத்தது. எந்த வண்டிக்கு எந்த அளவு என்பதும் இரண்டுக்கு மேற்பட்ட தெரிவுகள் கொண்ட கேள்விதான்.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. மீகடத்திச் சுற்றுகளில் மேல்நிலைகள் வழக்கமாகக் கீழ்நிலைகளைவிட விரைவில் சிதைந்துவிடுகின்றன. நிலைகள் கூடும்போது அவற்றைத் துல்லியமாக இயக்குவதும் அளப்பதும் கடினமாகின்றன. இன்னொரு தடையை ஜேரட் மெக்லீனும் சகாக்களும் 2018இல் காட்டினர். அமைப்பு பெரிதானால், எந்தத் திசையில் கோணத்தைத் திருகினாலும் வருமானம் ஏறக்குறைய அசையாமலே இருக்கும் பரந்த தரிசுப் பகுதிகள் உருவாகின்றன. அங்கே சிக்கிய கணினிக்கு அடுத்து எந்தப் பக்கம் போவது என்ற தடயமே கிடைக்காது. க்யூடிட்டும் இதற்கு விலக்கல்ல. நடைமுறை உகப்பாக்கக் கணக்குகளில் சாதாரணக் கணினிகளின் தேர்ந்த மென்பொருள்களே இன்றும் முன்னிற்கின்றன. குவாண்டம் கணினி நாளையே மண்டி விலையைச் சரிசெய்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் கற்றுக்கொள்ளும் காலம் இதுதான். 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 க்யூபிட் வரையிலான கணினிகளை உருவாக்குவது அதன் இலக்குகளில் ஒன்று. குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில் அமைந்திருக்கிறது. இந்த இயக்கத்துக்கு வேண்டிய மாணவர்கள் மும்பை, பெங்களூரு ஆய்வகங்களின் வாசலிலிருந்து மட்டும் வர வேண்டியதில்லை.

தொடங்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பத்து க்யூடிரிட்டின் முழு நிலையையும் எழுத 59,049 கலப்பெண்கள் போதும். அது ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். இருபது க்யூடிரிட்டுக்கு ஏறத்தாழ 56 ஜிகாபைட் ஆகும். க்யூடிரிட்டைப் பாவனை செய்யும் சர்க், பென்னிலேன் போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரம்பலூர், அரியலூர்க் கல்லூரிகளின் இயற்பியல், கணினி அறிவியல் ஆசிரியர்கள் இந்தக் கல்வியாண்டிலேயே இதை ஒரு செய்முறைப் பாடமாக வைக்கலாம். வைக்க வேண்டும்.